பந்தாட்டம் பார்க்க ஒரு பாஷை

என் அம்மாவுக்கு இத்தாலிய மொழியில் சில வாக்கியங்கள் தெரியும். பசிக்கிறது என்று அந்தப் பாஷையில் சொல்ல அவளுக்குத் தெரியாது. கடை எங்கே இருக்கிறது என்றோ, தலை வலிக்கிறது என்றோ சொல்லத் தெரியாது. ஆனால் யார் விளையாடுகிறார்கள், யார் முன்னுக்கு நிற்கிறார்கள், நடுவருக்குக் கண் தெரியாதா என்றெல்லாம் கேட்பாள். ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒருத்திக்கு இந்தக் கல்வி வாய்த்த கதையை அத்தையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. பதுளை டவுனில் கன்னியாஸ்திரிகளின் கான்வென்ட் ஒன்றில் சமையல் வேலை பார்த்தாள். தோட்டத்தை விட்டு வெளியே போய்ப் பிழைத்தவள் எங்கள் குடும்பத்தில் அவள் ஒருத்திதான். அதனால் அவள் வாயிலிருந்து யோசனை என்று எதுவும் வராது. எல்லாம் தீர்மானமாகவே வரும். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு வந்தவள், இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து கொடுத்த தேத்தண்ணியைக் குடித்து முடிப்பதற்குள் அம்மாவை இத்தாலிக்கு அனுப்புவதென்று முடிவு செய்துவிட்டாள்.

அங்கே ஒரு பெரியவர் இருந்தாராம். பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. சமைக்க ஆள் இருக்கிறது, கழுவித் துடைக்க ஆள் இருக்கிறது. அவருக்கு வேண்டியது வேறு. டெலிவிஷனில் உதைபந்தாட்டம் நடக்கும்போது பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். தனியாகப் பார்க்க நேர்ந்தால் கையில் அகப்பட்டதைத் தூக்கி எறிகிறார், பிறகு அழுகிறார். அந்த வருடம் அவருடைய நாடு உலகக் கிண்ணத்தை வேறு ஜெயித்திருந்தது. அவருடைய மகள் அந்தக் கான்வென்ட்டுக்குப் பழக்கமானவள். இலங்கையிலிருந்து ஒரு நல்ல பெண்ணைப் பார்த்துக் கூட்டிப்போக அவளே வரப்போகிறாள்.

"பக்கத்துல ஒக்காந்து நாலு வார்த்த பேசணும். அவ்வளவுதான் வேல," என்றாள் அத்தை. "மலையில அட்டக் கடி வாங்குறதுக்கு இது எவ்வளவோ மேல்."

"எனக்கு அந்த ஆட்டமும் தெரியாது, அவங்க பாஷையும் தெரியாதே," என்றாள் அம்மா.

"அதெல்லாம் சிஸ்டர் சொல்லிக் குடுப்பாங்க. ஒண்ணே ஒண்ணுதான். சின்னப் புள்ளைங்க இருக்குறவ வேணாமாம். மொதல்ல போன ஒருத்தி புள்ளைய நெனச்சு அழுதுகிட்டே கெடந்து, பாதியிலயே வந்துட்டாளாம். ஒனக்குப் புள்ள இல்லன்னு நான் சொல்லிட்டேன்."

அத்தை, அம்மா, அப்பா மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அப்போது பத்து வயது. இல்லாத பிள்ளையாக நின்றுகொண்டிருந்தேன்.

வேண்டாம் என்று சொல்லும் நிலையில் அப்பா இல்லை. தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும்போது கத்தி தவறிக் காலில் இறங்கி, காயம் ஆறியும் விரல்களுக்குப் பலம் திரும்பவில்லை. சமதரையில் நடப்பார், சரிவில் நிற்க முடியாது. எங்கள் தோட்டத்திலோ சமதரை என்று ஒன்று இல்லை. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு அம்மா மட்டும் போய்வருவாள். அவளுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை இருந்ததால் பாஸ்போர்ட் எடுக்கலாம். எங்கள் லயத்தில் அந்தக் கொடுப்பினை பலருக்கு இல்லை. ஆகவே மறுத்துப் பேச எந்த இடமும் இல்லாமல் காரியம் ஒழுங்காக அமைந்துவிட்டது.

அம்மா ஒன்று மட்டும் கேட்டாள். "மண்டையில ஏறாதே அண்ணி. இவ கூட வந்தா கேட்டு வச்சுக்குவா. வீட்டுல வந்து எனக்குச் சொல்லுவா."

அத்தை கொஞ்சம் யோசித்தாள். "ஒன் அக்கா மகளுன்னு சொல்லிக்கலாம்," என்றாள் அம்மாவிடம். பிறகு என் தாடையைப் பிடித்துத் தூக்கி, "ஏன்டி, கான்வென்ட்டு கேட்டத் தாண்டுனா இவ ஒனக்கு யாரு?" என்றாள்.

"சித்தி," என்றேன்.

"கெட்டிக்காரி," என்றாள் அத்தை. வகுப்பில் யாரும் என்னை அப்படிச் சொன்னதில்லை. அந்தச் சொல்லுக்கு ஏற்றபடி நடந்துகொள்ள வேண்டுமே என்ற பயம் அந்த நிமிடமே என்னைப் பிடித்துக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பாடம். பஸ்ஸில் போகும் வழியெல்லாம் வாய்க்குள் "சித்தி, சித்தி" என்று உருப்போட்டுக்கொண்டே போவேன். அந்தச் சொல் எனக்குப் பழக்கமில்லாதது. அம்மாவுக்குத் தங்கை கிடையாது. யாரையும் அப்படிக் கூப்பிட்டுப் பழகாத நாக்கு எந்த நேரத்திலும் பழைய இடத்துக்கே போய்விடும் என்று தோன்றும். கான்வென்ட்டின் பச்சைக் கேட் கண்ணில் பட்டதும் அம்மாவின் கையைப் பிடித்திருந்தால் விட்டுவிடுவேன். அக்கா மகள் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயம்.

சிஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். சில வருடங்கள் ரோமாபுரியில் படித்தவர். பிரார்த்தனை மொழிதான் அங்கே அவருக்கு அதிகம் பழக்கம் என்றாலும், அவர் தங்கியிருந்த மடத்துக்கு அடுத்த வீட்டில் ஒரு குடும்பம் ஆட்டம் பார்க்கும்போது போடும் கூச்சல் சுவரைத் தாண்டி வருமாம். அப்படிக் காதில் விழுந்ததெல்லாம் இப்போது எங்களுக்குப் பாடமாயிற்று.

"கி ஜோக்கா? எண்டால், ஆர் விளையாடினம்? வடிவாச் சொல்லுங்கோ."

"கி ஜோக்கா," என்பாள் அம்மா, தரையைப் பார்த்துக்கொண்டு.

"தலையை நிமித்திக் கேளுங்கோ பிள்ளை. இது மன்னிப்புக் கேக்கிறதில்லை. கேள்வி கேக்கிறது."

கி வின்ச்சே என்றால் யார் ஜெயிக்கிறார்கள். கே பெக்காத்தோ என்றால் அடடா, தவறிப்போச்சே. லா மீயா ஸ்குவாத்ரா என்றால் என்னுடைய கட்சி. குவார்தியாமோ லா பார்த்தீத்தா என்றால் வாருங்கள், ஆட்டம் பார்ப்போம். இந்தக் கடைசி வாக்கியம் அம்மாவுக்கு ஒரே நாளில் மனப்பாடமாயிற்று. "பார்த்தியா, பார்த்தியான்னு நம்ம பேசுற மாதிரியே இருக்கு சிஸ்டர்," என்று சொல்லி, அந்த அறையில் முதல்முறையாகச் சிரித்தாள்.

விளையாடுகிறவர்களை உற்சாகப்படுத்தும் சொல் ஒன்றும் இருந்தது. நான் அதைப் பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில், காதில் விழுந்தபடி, "தாய்" என்று எழுதினேன். சிஸ்டர் எட்டிப் பார்த்துவிட்டு, "எழுத்து அப்பிடித்தான் வரும். ஆனால் கருத்து அதில்லை. 'விடாதை, ஓடு, ஓடு' எண்டு சொல்லுறது," என்றார்.

ஜெயித்தாலும் தோற்றாலும் சொல்ல வேண்டியவை தனியாக இருந்தன. அப்பியாமோ வின்த்தோ, நாங்கள் ஜெயித்தோம். அப்பியாமோ பெர்சோ, நாங்கள் தோற்றோம். "நீங்கள் தோத்திட்டியள் எண்டு ஒருக்காலும் சொல்லக்கூடாது. அந்த மனுசன் உடைஞ்சு போயிடும். ரெண்டு பேரும் சேர்ந்து தோற்கவேணும்."

அம்மா இதை வெகுநேரம் யோசித்தாள். பிறகு கேட்டாள்: "நாங்களா சிஸ்டர், இல்ல நாமளா?"

சிஸ்டர் விளங்காமல் பார்த்தார்.

"நாங்கன்னா அவரு குடும்பத்துல உள்ளவங்க மட்டும். நாமன்னா என்னையும் சேத்துத்தானே வருது. வேலைக்கு வந்தவ நாமன்னு சொன்னா அவுங்க ஏதும் நெனச்சுக்க மாட்டாங்களா?"

சிஸ்டர், "அவையளிட்டை ரெண்டுக்கும் ஒரே சொல்லுத்தான் பிள்ளை," என்றார். அது நிம்மதியா கவலையா என்று சொல்ல முடியாத முகத்துடன் அம்மா தலையை ஆட்டினாள்.

ஒரு ஞாயிறு அந்தப் பயங்கரம் நடக்கப் பார்த்தது. அம்மா ஒரு வாக்கியத்தில் சிக்கிக்கொண்டு நின்றாள். எனக்கு விடை தெரியும். அவசரத்தில் "அம்..." என்று ஆரம்பித்துவிட்டேன். அதை இருமலாக மாற்றி, கண்ணில் நீர் வரும்வரை இருமினேன். சிஸ்டர் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். நான் குடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உன்ரை அம்மா எங்கை பிள்ளை?" என்று கேட்டார்.

"தோட்டத்துல."

"என்ன செய்யிறா?"

"கொழுந்து எடுக்குறாங்க."

"அவவும் உன்னைப் போலக் கெட்டிக்காரியோ?"

இதுவரை சொன்னதில் பொய் எதுவும் இல்லை. இனி என்ன சொல்வது? அம்மாவைப் பார்த்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "சித்தி அளவுக்கு இல்ல," என்றேன். நல்ல பதிலாகத்தான் எனக்குப் பட்டது. ஆனால் அன்று பஸ்ஸில் அம்மா என்னோடு பேசவில்லை. நான் இருமியதற்காகக் கோபமாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் நடந்த ஒத்திகைகள்தான் அந்த நாட்களில் கொஞ்சம் மூச்சு விட இடம் கொடுத்தன. அப்பா வாலிபத்தில் தோட்டத்துப் பந்தாட்டக் கட்சிக்கு விளையாடியவர் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. விறகுத் துண்டுகளைத் தரையில் அடுக்கி, இது கோல், இவன் காவல்காரன், இங்கேயிருந்து அடித்தால் செல்லாது என்று அம்மாவுக்கு விளக்குவார். பிறகு அவரே இத்தாலித் தாத்தாவாக மாறிவிடுவார். சுவரில் சாய்ந்து, ஒரு கையை மடியில் செத்ததுபோல் போட்டுக்கொண்டு, எதிரே இருந்த அடுப்பை டெலிவிஷனாக முறைத்துப் பார்ப்பார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "கி வின்ச்சே?" என்பாள். அப்பாவுக்கு வேறு இத்தாலியச் சொல் தெரியாததால், "தாய்! தாய்!" என்று கத்துவார். பக்கத்து வீட்டுக் காம்பராவிலிருந்து என்ன சண்டை என்று எட்டிப் பார்த்தார்கள். நாங்கள் சிரித்த சிரிப்பில் அம்மாவுக்குப் புரையேறியது.

ஒரு தடவை அப்படிச் சிரித்துக்கொண்டிருக்கும்போதே அப்பா நிறுத்திவிட்டார். மடியில் கிடந்த கையை எடுத்து அம்மாவின் தோளில் வைத்தார். "நெசமாவே அந்தாளு பக்கத்துல ஒக்காந்திருப்ப இல்ல," என்றார். அம்மா எழுந்து விறகுத் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தாள். ஆட்டம் முடியாமலேயே கோல் இரண்டும் அடுப்புக்குள் போயின. எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

மலையிலும் அம்மா உருப்போட்டாள். கொழுந்தைக் கிள்ளிக் கூடைக்குள் போட்டபடி முணுமுணுத்துக்கொண்டே போவாளாம். ஒரு நாள் கங்காணி பின்னால் வந்து நின்றது தெரியாமல், கை வேகத்துக்கு வாயும் வேகமாகி, "தாய்! தாய்!" என்று உரக்கச் சொல்லிவிட்டாள்.

"யாரப் பாத்து டாய்ங்கற?" என்று பாய்ந்தாராம் கங்காணி.

"ஒங்கள இல்லீங்க. பந்தடிக்கிறவங்கள."

"எந்தப் பந்து? எவன் அடிக்கிறான் இந்த மலையில?"

இத்தாலி விஷயம் வெளியே தெரியக்கூடாது. தெரிந்தால், பிள்ளை இருக்கிற கதையும் டவுன்வரை போய்ச் சேரும். அன்றைக்கு அவளுக்கு அரைப் பேர் போட்டு, பாதி நாள் கூலியோடு அனுப்பினார் கங்காணி. அதை அம்மா எங்களிடம் நடித்துக் காட்டினாள். ஆனால் இரவில் சாப்பிடும்போது அவள் கை அடிக்கடி நின்றது.

அம்மா போகப்போகிறாள் என்பது எனக்குத் தெரியாமலில்லை. தெரியும். பூமி உருண்டை என்பது தெரிவதுபோலத் தெரியும். என் பயமெல்லாம் பெரியவரின் மகள் வந்து அம்மாவைப் பார்க்கப்போகும் நாளைப் பற்றியதுதான். அவள் ஒரு வாக்கியத்தை மறந்துவிடுவாளோ, என் நாக்கு ஒரு சொல்லில் சறுக்கிவிடுமோ? தேறிவிட வேண்டும். தேறியபின் என்ன என்பதை நான் நினைக்கவேயில்லை. பரீட்சைக்கு அப்பால் எதையும் பார்க்கக்கூடாது என்றுதானே பள்ளிக்கூடத்திலும் சொல்லித் தந்திருந்தார்கள்.

அந்த இத்தாலிய அம்மாள் வந்த நாளில் வானம் மூடிக் கிடந்தது. நான் எதிர்பார்த்ததுபோல் பட்டும் நகையுமாக அவள் இல்லை. கட்டைக் கூந்தல், சப்பாத்து, கழுத்தில் நீல நிறத்தில் ஒரு சால்வை. அவளைச் சிஞ்ஞோரா என்று கூப்பிட வேண்டும் என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். அம்மா கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு போயிருந்தாள். அத்தை சமையலறை வாசலில் நின்று, எல்லாரும் பார்க்கும்படி, "வாம்மா" என்று யாரோ அந்நியரைப் போல வரவேற்றாள்.

வரவேற்பறையில் உட்கார்ந்து கேள்வி பதில் நடக்கும் என்று நாங்கள் தயாராகியிருந்தோம். சிஞ்ஞோரா அப்படிச் செய்யவில்லை. கான்வென்ட்டை ஒட்டிய மைதானத்தில் பையன்களின் கூச்சல் கேட்டதும் அவள் முகம் மலர்ந்தது. பாடசாலைப் பையன்களும் டவுன் பையன்களும் உதைபந்தாட்டம் ஆடிக்கொண்டிருந்தார்கள். அவள் சிஸ்டரிடம் என்னவோ சொன்னாள்.

"அங்கை போய் இருப்பமாம்," என்றார் சிஸ்டர். "தகப்பனுக்குப் பக்கத்திலை எப்பிடி இருப்பியள் எண்டு பாக்க வேணுமாம்."

ஓரத்தில் ஒரு பலகையில் உட்கார்ந்தோம். சிஞ்ஞோரா, அம்மா, சிஸ்டர் என்ற வரிசை. எனக்குப் பலகையில் இடமில்லை. அம்மாவின் காலடியில் புல்லில் உட்கார்ந்தேன். புல் ஈரம். பாவாடையில் ஈரம் ஏறுவது தெரிந்தும் நான் அசையவில்லை. அசைந்தால் எல்லாம் கலைந்துவிடும் என்பது போல இருந்தது.

அம்மா தலையை நிமிர்த்தினாள்.

"கி ஜோக்கா, சிஞ்ஞோரா?"

சிஞ்ஞோரா வியந்துபோய் அவள் பக்கம் முழுவதுமாகத் திரும்பினாள். என்னவோ பதில் சொன்னாள். பள்ளிக்கூடத்தைக் காட்டினாள், டவுன் பக்கம் காட்டினாள். அம்மா தலையாட்டினாள். கொஞ்ச நேரம் போக விட்டு, "கி வின்ச்சே?" என்றாள். ஒரு பையன் கோலுக்கு முன்னால் பந்தைத் தவறவிட்டபோது, யாரும் சொல்லாமலே, "கே பெக்காத்தோ!" என்று தொடையில் அடித்துக்கொண்டாள். அப்பா சொல்லிக் கொடுத்த ஆட்டம் அவளுக்கு உண்மையிலேயே விளங்கத் தொடங்கியிருந்தது. டவுன் பையன் ஒருவன் காலை வாரியதற்கு நடுவர் விசில் ஊதாமல் விட்டதும், நடுவருக்குக் கண் இல்லையா என்ற வாக்கியத்தையும் எடுத்து வீசினாள். சிஞ்ஞோரா வாய்விட்டுச் சிரித்து அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். சிஸ்டர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். அப்படிப்பட்ட அம்மாவை நான் பார்த்ததில்லை. தாய், தாய் என்று அவள் கத்திய கத்தலில் பையன்களே திரும்பிப் பார்த்தார்கள்.

தேறிவிட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இனி மிச்சம் இருப்பது நான் மட்டும். ஆட்டம் முடியும்வரை வாயைத் திறக்காமல் இருந்துவிட்டால் போதும்.

பந்து வந்ததை நான் பார்க்கவில்லை. நான் அம்மாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஈரத்தில் ஊறிக் கனத்த பந்து. மூக்கில் பட்டதும் முதலில் சத்தம்தான் கேட்டது, பிறகுதான் வலி. கையை வைத்துப் பார்த்தால் சிவப்பு. சட்டையில், பாவாடையில், புல்லில் எல்லாம் சிவப்பு.

அம்மா பலகையிலிருந்து இறங்கி மண்டியிட்டு என் தலையைப் பின்னால் சாய்த்துப் பிடித்தாள். கல்யாணச் சேலையின் முந்தானையை என் மூக்கில் வைத்து அழுத்தினாள். அவள் வாய் என்னவோ சொல்லியது. காது அடைத்துக்கொண்டதால் எனக்குக் கேட்கவில்லை. அந்த நிலையிலும் ஒன்று மட்டும் தெளிவாக நினைவிருந்தது. இதுதான் நாக்கு சறுக்கும் இடம். இங்கேதான் கவனமாக இருக்க வேண்டும்.

"ஒண்ணுமில்ல சித்தி," என்றேன்.

அம்மாவின் கை நின்றது.

அவளுக்குக் கேட்கவில்லையோ, சிஞ்ஞோராவுக்குக் கேட்கவில்லையோ என்று எனக்குச் சந்தேகம். வாயில் இறங்கிய இரத்தத்தை விழுங்கிவிட்டு இன்னும் சத்தமாகச் சொன்னேன். "எனக்கு வலிக்கல சித்தி. நீங்க போயி ஒக்காருங்க சித்தி. ஆட்டத்தப் பாருங்க."

அம்மாவை நான் நீ என்றுதான் பேசுவேன். நீங்க என்ற மரியாதையையும் அந்த நேரத்தில் சேர்த்துக்கொண்டதை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

அம்மா அழ ஆரம்பித்தாள். சின்ன அழுகை இல்லை. மைதானத்தில் விளையாட்டு நின்றுபோகும்படியான அழுகை. என்னை இழுத்து மார்போடு சேர்த்துக்கொண்டு, "அப்படிக் கூப்பிடாதடி. அம்மான்னு சொல்லுடி. என்னைய அம்மான்னு சொல்லுடி," என்றாள்.

நான் அவள் தோளுக்கு மேலாகச் சிஞ்ஞோராவைப் பார்த்தேன். அவளுக்குத் தமிழ் தெரியாதே, தப்பிவிடலாம் என்று ஒரு நம்பிக்கை. நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன்.

சிஞ்ஞோரா சிஸ்டரிடம் என்னவோ கேட்டாள். சிஸ்டர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். சிஞ்ஞோரா குனிந்தாள். என்னைச் சுட்டி, அம்மாவிடமே மெதுவாகக் கேட்டாள். அந்த வாக்கியத்தை நாங்கள் படித்திருக்கவில்லை. ஆனால் படித்த வாக்கியங்களில் எதுவும் அப்போது அம்மாவுக்குத் தேவைப்படவில்லை. இரண்டு சொற்களை மட்டும் பிய்த்தெடுத்துச் சொன்னாள்.

"லா மீயா," என்றாள். "லா மீயா, சிஞ்ஞோரா." என்னுடையது.

சிஞ்ஞோரா கோபப்படவில்லை. தன் நீலச் சால்வையை அவிழ்த்து, மடித்து, முந்தானையை விலக்கிவிட்டு என் மூக்கில் வைத்தாள். அதில் சவர்க்காரம் போல ஒரு வாசனை. பிறகு அம்மாவின் தலையில் ஒரு கணம் கையை வைத்துவிட்டு எழுந்து, கான்வென்ட் பக்கம் தனியாக நடந்து போனாள்.

வெகுநேரம் கழித்துச் சிஸ்டர் எங்களிடம் வந்தார். "அவவுக்கு உங்களிலை கோவமில்லை," என்றார். "நல்லாக் கதைக்கிறியளாம். உங்களைப் போல ஒராள் கிடைக்காதாம். ஆனால் கூட்டிக்கொண்டு போகமாட்டாவாம்." கொஞ்சம் நிறுத்தி, "பிள்ளைக்கு மூக்கு எலும்பிலை ஒண்டுமில்லை. வீட்டை போய்ப் படுக்க விடுங்கோ," என்றார்.

அத்தை சமையலறையிலிருந்து வெளியே வரவேயில்லை. அதன்பிறகு வெகுகாலம் அவள் எங்கள் லயத்துப் பக்கம் வரவில்லை. பண்டாரவளையிலிருந்து வேறொரு பெண் அந்த வீட்டுக்குப் போனாள் என்று பிறகு தெரியவந்தது. அவளுக்கு நிஜமாகவே பிள்ளைகள் இல்லை. அவள் அங்கே போய் அந்தப் பாஷையைப் படித்துக்கொண்டாளாம்.

பஸ்ஸில் அம்மா என்னை ஜன்னலோரம் உட்கார வைத்தாள். மூக்கில் பஞ்சு அடைத்திருந்ததால் வாயால் மூச்சுவிட்டுக்கொண்டு வந்தேன். ஆத்திரம் தாங்க முடியவில்லை. அத்தனை ஞாயிறும் பயந்து பயந்து காப்பாற்றியதை, மூக்கில் இரத்தம் கொட்டியபோதுகூட விடாமல் பிடித்துக்கொண்டதை, அம்மா ஒரு நிமிடத்தில் போட்டு உடைத்துவிட்டாள்.

"நான் சரியாத்தானே சொன்னேன்?" என்றேன்.

"சரியாத்தான் சொன்ன."

"நீதான் கெடுத்த."

"ஆமா," என்றாள் அம்மா.

பஸ்ஸை விட்டு இறங்கித் தேயிலைக்கு நடுவே ஏறும் குறுக்குப் பாதையில் நடந்தோம். நான் முன்னால் விறுவிறுவென்று போனேன். அப்பா இஸ்தோப்பில் காத்துக்கொண்டிருப்பார். அவரிடம் எப்படிச் சொல்வது, யார்மீது குற்றம் என்று சொல்வது என்பதே யோசனையாக இருந்தது. கொஞ்ச தூரம் போனபின்தான் பின்னால் காலடிச் சத்தம் இல்லை என்று தெரிந்தது. திரும்பிப் பார்த்தேன். அம்மா வளைவில் நின்றுகொண்டிருந்தாள். கல்யாணச் சேலையின் முந்தானை கறுத்துக் காய்ந்து விறைத்திருந்தது.

"கூப்பிடு," என்றாள்.

"என்னன்னு?"

"எப்பவும் கூப்பிடுறத."

எனக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை. வாயை இறுக்கிக்கொண்டு நின்றேன். அவளும் நகரவில்லை. லயத்துக் கூரைகள் கண்ணுக்குத் தெரிந்தன, புகை எழும்பிக்கொண்டிருந்தது. வீடு இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது ஒரு வார்த்தைக்காக வழியில் நிற்கிறாளே, இதென்ன பிடிவாதம் என்று நினைத்தேன். மலைக்கு அந்தப் பக்கமிருந்து மழை இறங்கிவருவது தெரிந்தது. எனக்குப் பசித்தது. மூக்கு விண்விண்ணென்று தெறித்தது.

"அம்மா, மழை வருது, வா," என்று கத்தினேன்.

மழை வருகிறது என்றுதான் சொன்னேன். அதற்கு அவள் ஓடிவந்து என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள், கைக்குழந்தையைத் தூக்குவது போல. பத்து வயதுப் பிள்ளை நான். கால்கள் கிட்டத்தட்டத் தரையில் இழுபட்டன. யாராவது பார்த்தால் சிரிப்பார்களே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. இவ்வளவு பாரத்தைச் சுமந்துகொண்டு மேடு ஏறினால் மூச்சு வாங்காதா, இறக்கிவிட்டால் இரண்டு பேரும் சீக்கிரம் வீடு போய்ச் சேரலாமே, இதுகூடவா இவளுக்குத் தெரியாது என்றுதான் வழிநெடுக நினைத்துக்கொண்டு வந்தேன்.